முதியோர் இல்லமும் இன்னிசையும்

முதுமை எய்தினோர்க்கு வேண்டுவன யாவை என வினவின், உணவும் உடையும் மருந்துமே என விடையிறுப்போர் பலர். அவை வேண்டுவனவே, ஆயினும் அவை மட்டும் அமையா. செவிக்கும் உணவு வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மையன்றோ?

இதனை மேனாட்டில் செயலிற் காட்டியவர் யெஹுதி மெனுஹின் என்னும் வயலின் வித்துவான். இரண்டாம் உலகப் போரின்போது அவர் போர்வீரர்களுக்கு வாசித்தார்; 1945-ஆம் ஆண்டில் பெர்கன்-பெல்சன் முகாமினின்று மீட்கப்பட்டோர் முன்னிலையிலும் வாசித்தார். பின்னர் 1977-இல், இயன் ஸ்டவுட்ஸ்கர் என்பவருடன் கூடி, ‘லைவ் மியூசிக் நவ்’ என்னும் சங்கத்தை இங்கிலாந்தில் நிறுவினார். இளம் வித்துவான்களுக்குத் தக்க பயிற்சியும் ஊதியமும் அளித்து, அவர்களை முதியோர் இல்லங்கள் முதலிய இடங்களுக்கு அனுப்புவது அச்சங்கத்தின் பணியாகும். கச்சேரிக்கு வர இயலாதவரை நாடிக் கச்சேரியே செல்லுதல் எத்துணைப் பொருத்தமுடையது!

“ரேடியோவும் கைப்பேசியும் எல்லாப் பாட்டையும் தருமே, பாடுவோர் நேரிற் செல்லுதல் எற்றுக்கு?” எனச் சிலர் வினவலாம். இயந்திரம் பாடும், கேட்போர் முகத்தை நோக்காது. நேரில் நின்று பாடுவோனோ, முதியவர் குரலுக்கேற்பச் சுருதியைத் தாழ்த்துவான். அவர் தாளத்திற்கேற்பக் காலத்தைக் குறைப்பான். அவர் விரும்பிய அடியை மீண்டும் பாடுவான். அவர் களைப்புற்றால் நிறுத்துவான். வேறுபாடு இதுவே.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையொன்று, 3,000-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, கலைகள் உடல் நலத்திற்கும் மன நலத்திற்கும் துணைபுரிவன என்று கூறுகின்றது. இசை மறதிநோயைப் போக்கும் என்று நாம் கூறோம். எனினும், மக்கள் பெயரை மறந்தவருங்கூட இளமையிற் கற்ற பாட்டை அடி பிறழாது பாடுதல் உண்டு. பாடும் அந்நேரம் அவர் நோயாளரல்லர், பாடகரே.

இனி, நம் செய்கையைச் சிறிது நோக்குவோம். ஆண்டுக்கொருமுறை, கிறிஸ்துமஸ் காலத்தில், மாணவராகிய நாம் பலர் கூடிச் செல்கின்றோம். ஒலிபெருக்கி வைத்துப் பாடுகின்றோம். பழம் வழங்கி, நிழற்படம் எடுத்து மீளுகின்றோம். அன்று மகிழ்ச்சியே, மறுநாள் முதல் மௌனம். இது ஈகையெனினும் நட்பாகாது.

ஆதலின் நாம் வேண்டுவது யாதெனின், மாதம் இருமுறையேனும் நால்வர் அல்லது ஐவர், ஒரு வயலினோ புல்லாங்குழலோ கொண்டு செல்க. செவிப்புலன் குறைந்தோர்க்கு இரைச்சல் துன்பமே தரும். ஆதலின் ஒலிபெருக்கி வேண்டா. இசை விரும்பாதாரை வற்புறுத்தலும் வேண்டா. எப்பாட்டு அவர்க்கு உவப்பென முதற்கண் கேட்க. அது நாம் அறியாத பாட்டாயின், அவரிடமே அமர்ந்து கற்க.

பெறுவோராக மட்டும் வைக்கப்பட்டிருப்பவர் அன்று கொடுப்போராவர். அவர்க்கு நாம் பாடச் செல்கின்றோம் என்று எண்ணாது, அவர் பாடக் கேட்கச் செல்கின்றோம் என்று எண்ணிச் செல்வோமாக.