கல்லை விழுங்கும் காவலாளி

கொலாஜன் என்றாலே க்ரீம் விளம்பரம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தோல் சுருங்காமல் இருக்க அது வேண்டுமாம். இருக்கட்டும். அதே கொலாஜன் நுரையீரலில் அளவுக்கு மேல் படிந்தால் மனிதன் மூச்சு முட்டியே சாகிறான். கல் உடைப்பவர்களுக்கும் அறுப்பவர்களுக்கும் வரும் சிலிக்கோசிஸ் அப்படிப்பட்ட நோய்.

கொலாஜனை உற்பத்தி செய்வது ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல். அதற்கு உத்தரவு வரவேண்டும். காயம் பட்ட இடத்துக்கு மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல் வந்து, கிருமியையும் செத்த செல்களையும் விழுங்கிவிட்டு, டிஜிஎஃப்-பீட்டா போன்ற புரதங்களை வெளிவிடும். அதுதான் உத்தரவு. காயம் ஆறியதும் உத்தரவும் நின்றுவிடும்.

சிலிக்கா தூசியிடம் இந்த ஏற்பாடு தோற்றுப்போகிறது. மேக்ரோஃபேஜ் தூசியை விழுங்குகிறது, சரி. கல்லை எப்படிச் செரிப்பது? துகள் செல்லுக்குள் இருக்கும் செரிமானப் பையைக் கிழிக்கிறது. இன்ஃப்ளமசோம் என்ற அபாய மணி அடிக்கிறது (2008-ல் வந்த ஆய்வுகள் காட்டியது இது). செல் சாகிறது, துகள் அப்படியே வெளியே விழுகிறது. அடுத்த மேக்ரோஃபேஜ் வந்து அதையே விழுங்குகிறது! ஒவ்வொரு சுற்றிலும் ஃபைப்ரோபிளாஸ்டுக்குப் புது உத்தரவு. பஞ்சு போல இருக்கவேண்டிய நுரையீரல் முடிச்சு முடிச்சாக இறுகுகிறது.

ஆகவே, "ஆள் வேலையை விட்டுப் பல வருஷம் ஆச்சு, இப்போ வந்த நோய்க்கு நாங்க பொறுப்பா?" என்ற வாதம் செல்லாது. ஆள் வேலையை விட்டாலும் துகள் ஆளை விடுவதில்லை. புதுத் தூசி உள்ளே போகாமலேயே தழும்பு வளரும். பத்து வருஷம் கழித்து வரும் வைத்தியச் செலவும் அந்தப் பழைய கல்லின் உற்பத்திச் செலவுதான். யார் கணக்கிலும் அதை எழுதுவதில்லை, அவ்வளவே. போதாக்குறைக்கு, இந்தியாவில் இதை டிபி என்று தவறாக எழுதிவிடுவதும் உண்டு. அப்போது நஷ்டஈட்டுப் பேச்சே எழாது.

மருந்து? பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் இரண்டும் 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன, காரணம் தெரியாத வேறொரு நுரையீரல் தழும்பு நோய்க்கு. அவை இறுக்கத்தை மெதுவாக்கும். படிந்த தழும்பை அகற்றாது.

சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லில் சிலிக்கா 90 சதவீதத்தைத் தாண்டுவதுண்டு. அதை அறுத்த இளைஞர்கள் நோயில் விழுந்த பிறகு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. சரியான முடிவு. தண்ணீர் பாய்ச்சி அறுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தடைக்கு முன்பும் அங்கே தண்ணீர் இருந்தது, முகமூடி இருந்தது, விதிமுறைகளும் இருந்தன.