பைனாகுலரும் பெரிய எண் புரட்டும்

நமது நாட்டில் ஆகாயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏராளம். ஆகாயத்தைப் பார்க்கிறவர்களோ மிகச் சொற்பம். செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறது, சனி எப்பொழுது பெயருகிறது என்று பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காய் வாதாடுகிற மனிதரை வாசலுக்கு அழைத்து வந்து, "ஐயா, அந்தச் செவ்வாயைச் சற்று விரலால் காட்டுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். தாம் ஒரு நாளும் கண்ணால் கண்டிராத ஒன்றுக்குப் பயந்து பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளி வைப்பதும், பரிகாரத்திற்கென்று கடன் வாங்கிச் செலவழிப்பதும் இன்றைக்கும் நடந்து வருகிற காரியங்களேயாகும்.

ஆகவே, வாலிபர்கள் பலர் நட்சத்திரம் பார்க்க வேண்டுமென்றும், தலைக்கு மேல் பறக்கும் விமானம் இன்னதென்று கண்டறிய வேண்டுமென்றும் ஆசை கொண்டு, பைனாகுலர் என்னும் இரட்டைக்குழல் தூரதிருஷ்டிக் கண்ணாடியை வாங்க முற்படுவதைப் பற்றி நாம் மிகவும் சந்தோஷமடைகின்றோம். ஆனால், சோதிடனிடமிருந்து தப்பிய பணம் போலி வியாபாரியிடம் போய்ச் சேருமானால் அதில் என்ன லாபம் என்பதே நமது கேள்வி.

மலைவாச ஸ்தலங்களின் கடைகளிலும், கைப்பேசியில் வரும் விளம்பரங்களிலும் "180×100" என்பது போன்ற பிரமாண்டமான எண்களை அச்சிட்டு, சில நூறு ரூபாய்க்கு பைனாகுலர் விற்கிறார்கள். எண் பெரிதாயிருந்தால் சரக்கும் பெரிதாயிருக்கும் என்று நம்பி ஏழை மக்களும் வாங்கி விடுகிறார்கள். இது ராசிக்கல் விற்பவனின் தந்திரத்திற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. எண்ணுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டால் இந்தப் புரட்டு ஒரு நிமிஷமும் நிற்காது.

முதல் எண், பொருளை எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது. இரண்டாவது எண், முகப்புக் கண்ணாடியின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்பது. 10×50 என்றால் பத்து மடங்கு. முகப்பு 50 மில்லிமீட்டர், அதாவது ஐந்து சென்டிமீட்டர். அப்படியானால் 100 என்று எழுதியவனுடைய முகப்புக் கண்ணாடி பத்து சென்டிமீட்டர் அகலமிருக்க வேண்டுமல்லவா? பள்ளிக்கூடப் பையனுடைய அடிக்கோலை வைத்து அளந்து பாருங்கள். அதில் பாதிகூட இல்லையென்றால், இரண்டாவது எண்ணில் பொய் சொன்னவன் முதல் எண்ணில் மாத்திரம் மெய் சொல்லியிருப்பானா?

அன்றியும், மடங்கு அதிகமாவது நன்மை என்பதே தப்பான எண்ணம். பொருளை எத்தனை மடங்கு பெருக்குகிறோமோ, கையின் நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகும். பத்து மடங்குக்கு மேற்பட்டதைக் கையில் பிடித்து அசையாமல் பார்ப்பது கஷ்டம். நட்சத்திரம் பார்ப்பதற்கு முக்கியமாய் வேண்டியது வெளிச்சம். இருட்டில் வாலிபருடைய கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விரியும். 50 மில்லிமீட்டர் முகப்பு அதைப் போல் ஐம்பது மடங்கு வெளிச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கும். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் வருவது, கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு. 7×50-க்கு அது 7, 10×50-க்கு 5. வயது ஏற ஏறக் கண்மணி விரிவது குறைவதால், நாற்பது ஐம்பதைக் கடந்தவர்களுக்கு 5 போதுமானது. விளக்கு வெளிச்சம் நிறைந்த பட்டணத்திலும் 10×50-தான் ஆகாயத்தைச் சற்று இருட்டாக்கி நட்சத்திரத்தை எடுத்துக் காட்டும். இருட்டான கிராமத்து வாலிபருக்கு 7×50 மிகவும் ஏற்றது.

விமானம் பார்க்கிறவர்களின் தேவை சற்று வேறு. விமானம் நட்சத்திரத்தைப் போல் நிற்பதில்லை. ஆகையால் அதிக இடத்தை ஒரே பார்வையில் காட்டுவதும் கனம் குறைந்ததுமான 8×42 அவர்களுக்கு நல்லது. இரண்டுக்கும் ஒன்றே வாங்க முடிந்தவர்கள், நட்சத்திரத்தில் ஆசை அதிகமானால் 10×50-ம், விமானத்தில் ஆசை அதிகமானால் 8×42-ம் வாங்கலாம் என்பது நமது அபிப்பிராயம். நாணயமான சரக்கு 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அந்த விலையில், குழல் நேராயிருக்கும் மாதிரியைவிட, முழங்கை போல் மடங்கியிருக்கும் பழைய மாதிரியே பெரும்பாலும் தெளிவாய்க் காட்டும். மடங்கைக் கூட்டிக் குறைக்கும் "ஜூம்" மாதிரியையும், முகப்பு சிவப்பாய் மின்னும் மாதிரியையும் தொடவே வேண்டாம்.

வாங்குமுன் கடையிலேயே மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான சுவருக்கு நேரே கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். ஒளிவட்டம் முழு வட்டமாயிருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டு நாற்கோணம் போல் தெரிந்தால் உள்ளிருக்கும் முப்பட்டைக் கண்ணாடி மட்டமானது. இரண்டாவது, விளக்கின் பிம்பம் முகப்பில் பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிய வேண்டும். வெள்ளையாய்ப் பளிச்சிட்டால், வெளிச்சம் வீணாகாமலிருக்கப் பூசும் பூச்சு இல்லையென்று அர்த்தம். மூன்றாவது, தூரத்திலுள்ள ஒரு கோபுரத்தையோ கம்பத்தையோ இரண்டு கண்ணாலும் பாருங்கள். உருவம் இரண்டாய்ப் பிரிந்தாலும், கண் வலித்தாலும், அது ஓசியில் கிடைத்தாலும் வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தபாலில் வாங்குவோர், திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையில்லாமல் வாங்கக் கூடாது.

சரி, இதனால் என்ன தெரியும் என்று கேட்கலாம். சந்திரனில் முயலும் இல்லை, பாட்டியும் இல்லை. பள்ளங்களும் மலைகளுமே உள்ளன என்பது தெரியும். கார்த்திகையில் ஆறு பெண்கள் என்ற கதை, கண்ணுக்கு ஆறு தெரிந்ததால் வந்தது. பைனாகுலரில் பார்த்தால் டஜன் கணக்கில் தெரியும். வியாழனை, சுவரில் சாய்த்து அசையாமல் பார்த்தால், பக்கத்தில் நான்கு புள்ளிகள் வரை தெரியும். 1610-ஆம் ஆண்டு ஜனவரியில் கலீலியோ கண்டதும் இவற்றைத்தான். எல்லாம் பூமியைச் சுற்றவில்லை என்பதற்கு அது கண்கண்ட சாட்சியாயிற்று. பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று வாதாடிய அவரை 1633-ல் மதகுருமார்கள் விசாரித்துத் தண்டித்து, 1642-ல் சாகும் வரையில் காவலில் வைத்தார்கள். அவருக்குக் கிடைத்ததைவிடத் தெளிவான கருவி இன்று ஒரு கூலித்தொழிலாளியும் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கக் கூடியதாய் இருக்கிறது.

தெரியாததையும் சொல்லிவிடுவோம். சனியின் வளையம் இதில் பிரிந்து தெரியாது. தெரியும் என்று விற்பவன் பொய்யன். செவ்வாய் சிவந்த ஒரு புள்ளியாகவே தெரியும். மிக நெருங்கி வரும்பொழுதும் ஐந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கிற அந்தப் புள்ளிதான் நம் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறக் கூடாதென்று தடுக்கிறதா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ராகு, கேதுவையோ எந்தக் கருவியிலும் காண முடியாது. ஏனெனில் அவை பொருள்களே அல்ல. சந்திரனுடைய பாதை சூரியனுடைய தோற்றப் பாதையை வெட்டும் இரண்டு இடங்களே.

விமானம் பார்ப்பது வீண்பொழுது என்று நினைக்க வேண்டாம். 1940-ல் பிரிட்டனைத் தாக்க வந்த ஜெர்மானிய விமானங்களை, அவை கடற்கரையைத் தாண்டி உள்ளே வந்தபின், கண்ணாலும் பைனாகுலராலும் பின்தொடர்ந்து அறிவித்தவர்கள் பெரும்பாலும் சாதாரண ஊர்மக்களே. இன்றும் பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் போகிற விமானத்திற்கு எஞ்சின் எத்தனை, வாலில் என்ன நிறம் என்று அறியலாம். தாழ இறங்குவதாயின் பதிவெழுத்தையும் படிக்கலாம்: "வி.டி." என்றால் இந்தியா, "9வி" என்றால் சிங்கப்பூர், "4ஆர்" என்றால் இலங்கை. ஆனால், விமான நிலையத்தையும் ராணுவ இடங்களையும் ஒட்டி நின்று பார்க்கக் கூடாது. 2010-ல் டில்லி விமான நிலையத்திற்கு அருகே ஓட்டலில் தங்கி விமானங்களைக் கவனித்த பிரிட்டிஷ்காரர் இருவர் கைது செய்யப்பட்டனர்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பைனாகுலரால் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது. ஒரு கணத்தில் கண் போய்விடும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பதும் அதே ஆபத்துதான். இது தோஷத்திற்குப் பயந்து சொல்வதல்ல, பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். மழைக்காலத்தில் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும்.

தனியாய் வாங்க வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. இருபது பேர் சேர்ந்தால் ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேல் ஆகாது. ஒவ்வொரு படிப்பகத்திலும் ஒன்று வாங்கி வைத்து, அமாவாசை இரவுகளில் ஆண், பெண், குழந்தைகள் எல்லோரும், ஜாதி வித்தியாசமில்லாமல், ஒருவர் பின் ஒருவராய்ப் பார்க்கும்படி செய்ய வேண்டுகிறோம். கெட்ட நாள் என்று கதவடைத்துப் படுத்த அந்த இரவுதான் நட்சத்திரம் பார்க்க மிகவும் நல்ல இரவு.