வாராக்கடனும் வந்துசேராத பிள்ளைகளும்

வாசகர் வட்டத்தில் ஒரு கல்லூரித் தம்பி கேட்டான்: "அண்ணே, வியட்நாம்ல இன்னும் ரெண்டு லட்சம் பேரை எறக்கியிருந்தா அமெரிக்காக்காரன் ஜெயிச்சிருப்பானா? இல்ல, முன்னாடியே வெளியேறியிருக்கணுமா?"

முன்னாடியே வெளியேறியிருக்க வேண்டும் என்றேன். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது தோழர்களே. எறக்குறது யார் வூட்டுப் புள்ளைய?

நான் வங்கிக் குமாஸ்தா. வாராக்கடனை எப்படி மறைப்பார்கள் என்று தெரியும். புதுக் கடன் கொடுத்துப் பழைய கடனைக் கட்டிக்கொள்வார்கள். பேரேட்டில் கணக்கு உயிரோடு இருக்கும். மேலாளர் மாற்றலாகிப் போகும்வரை மானம் தப்பும். போரை விரிவாக்குவதும் இதே கணக்குதான். போடுகிற முதல் மட்டும் அடுத்தவன் உயிர்.

1965 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத்துறை உயரதிகாரி ஜான் மெக்நாட்டன் போரின் நோக்கத்துக்கு விழுக்காடே போட்டு எழுதினார். அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க 70. சீனாவின் கைக்குப் போகாமல் தடுக்க 20. தென்வியட்நாம் மக்களின் நல்வாழ்வுக்கு 10. டேனியல் எல்ஸ்பெர்க் 1971இல் வெளிக்கொணர்ந்த ரகசிய ஆவணங்களில் இது இருக்கிறது. அந்த ஜூலையிலேயே வெளியுறவுத்துறையின் ஜார்ஜ் பால், நஷ்டத்தைக் குறைத்து வெளியேறும் வழியைப் பாருங்கள் என்று ஜான்சனுக்கு எழுதிக் கொடுத்தார். ஜான்சன் கேட்கவில்லை. 1968 இறுதியில் அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள்.

யார் அவர்கள்? கல்லூரியில் படிக்கிறவனுக்குக் கட்டாய ராணுவ சேவையைத் தள்ளிப்போடச் சலுகை இருந்தது. ஆள் போதாதபோது, 1966இல் ராபர்ட் மெக்நமாரா 'ஒரு லட்சம் திட்டம்' கொண்டுவந்தார். தகுதித் தேர்வில் கழித்துக் கட்டியவர்களைத் தரத்தைத் தளர்த்திச் சேர்த்தார்கள். 1971க்குள் சுமார் மூன்றரை லட்சம் பேர். ஏறத்தாழ ஐந்தில் இருவர் கறுப்பர். இதை ஏழைகளின் முன்னேற்றம் என்றார்கள்! நமக்கும் பழகிய வார்த்தைதானே? பள்ளிக்கூடத்தில் கொடுக்காத இடத்தைப் பதுங்குகுழியில் கொடுத்தான்.

அதனால்தான் கருஞ்சிறுத்தைகள் 1966இல் வைத்த பத்து அம்சத் திட்டத்தில் கறுப்பு ஆண்களுக்கு ராணுவ சேவையிலிருந்து விலக்குக் கேட்டார்கள். முகமது அலி 1967இல் போகமாட்டேன் என்றார். பட்டம் பறிபோனது. அந்தச் சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். பெயரை எடுத்த நாம் அந்தக் கோரிக்கையையும் எடுத்துக்கொண்டோமா?

"இப்ப வெளியேறினா செத்தவன் உயிர் வீணாயிடாதா?" என்பார்கள். வாராக்கடன் தர்க்கம் இதுதான். 'கௌரவமான சமாதானம்' பேசிய நிக்சன் 1969 ஜனவரியில் பதவியேற்ற பிறகு மட்டும் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். வியட்நாமியர் சாவு லட்சக்கணக்கில். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. எந்த உயிர் வீணாகாமல் மிஞ்சியது?

"நம்பி நின்னவங்க கதி?" இது நியாயமான கேள்வி. முகாம்களிலும் கடலிலும் அவர்கள் பட்ட பாட்டை மறைக்கமாட்டேன். ஆனால் அத்தனை வருஷக் குண்டுவீச்சும் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 பேரை அனுப்புவதாக 2009 டிசம்பரில் ஒபாமா அறிவித்தார். 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலைய ஓடுபாதையில் ஜனங்கள் விமானத்தைப் பிடித்துத் தொங்கினார்கள். நம்பியவனுக்குத் தேவை விமானத்தில் ஓர் இடம். அதைக் கொடுக்க இன்னொரு படைப்பிரிவு எதற்கு?

மெக்நமாரா 1995இல், தவறு செய்துவிட்டோம் என்று புத்தகம் எழுதினார். மேலாளர்கள் ஓய்வுபெற்ற பிறகுதான் உண்மை பேசுவார்கள்.

தம்பி, அடுத்த தடவை எவனாவது 'இன்னும் கொஞ்சம் படை போதும்' என்றால் வரைபடத்தைப் பார்க்காதே. ஆள்பிடிக்கும் வண்டி எந்தத் தெருவில் வந்து நிற்கிறது என்று பார்.