ஊவாவின் மழையும் குகைகளின் சாட்சியும்

வெலிமடையிலிருந்து ஹாலிஎல வழியாகப் பதுளைக்கு இறங்கும் பெருந்தெருவிற் செல்வோர் இஸ்திரிபுரக் குகையின் கதையை அறிவர். எல்ல மலைக் குகைக்கும் அதே கதைதான்: இராவணன் சீதையைச் சிறைவைத்த இடம் என்பர். கதை இருக்கட்டும். குகை என்றதும் இராவணனுக்கு அப்பால் ஒரு வினாவும் எழாத கல்விச் சூழலே ஈண்டு கண்டனத்துக்குரியது.

மலைநாட்டின் உருமாறிய பாறைகளுக்கிடையே பளிங்குருச் சுண்ணக்கற் படைகள் ஓடுகின்றன. பதுளை, வெலிமடைப் பக்கங்களும் இதற்கு விலக்கல்ல. மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்ற மழைநீர் இக்கல்லைக் கரைத்துக்கொண்டு கீழிறங்கும். குகைவெளியில் அவ்வாயு பிரிந்ததும் கரைந்த சுண்ணம் படையாகப் படியும். தரையிலிருந்து எழும் கசிதுளிபடிவு இவ்வாறே வளர்கின்றது. யுரேனியம் நீரிற் கரையும், தோரியம் கரையாது; எனவே படிவினுள் யுரேனியத்திலிருந்து பின்னர் தோன்றிய தோரியத்தின் அளவு அப்படையின் வயதைக் கூறும். ஒட்சிசனின் இரு சமதானிகளது விகிதம் பெய்த மழையின் போக்கைக் காட்டும். சீனத்து ஹூலு குகைப் படிவுகளிலிருந்து, சுமார் 75,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 11,000 ஆண்டுகளுக்கு முன்வரையான பருவமழையின் வரலாறு 2001 இல் வெளியாயிற்று. மேகாலயாவின் மௌம்ளூ குகைப் படிவை அடிப்படையாகக் கொண்டு, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் புவிச்சரிதக் காலக்கூறு 2018 இல் மேகாலயன் எனப் பெயர்பெற்றது.

“அங்கெல்லாம் எழுதப்பட்டுவிட்டதே, இங்கு வேறு எதற்கு?” என்போர் உளர். ஊவாவின் மழையை அறியாதார் கூற்று அது. அக்குகைகள் பேசுவது பெரிதும் கோடைப் பருவப்பெயர்ச்சியை. ஹாலிஎலயில் ஆனி, ஆடியில் வீசும் கச்சானோ தன் மழையை மேற்குச் சரிவுகளிற் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகவே மலையைக் கடந்து வருவது. (ஊவாத் தேயிலைக்குப் பெயர் தந்த மணமும் அவ்வறட்சியின் கொடையே.) இங்கு நிலம் நனைவது ஐப்பசி முதல் தை வரை, அம்மழைக்கு வங்கக்கடலே தாய். ஹோட்டன் சமவெளியின் சேற்றுப் படிவுகளை ஆராய்ந்து பிரேமதிலக்கவும் ரிஸ்பேர்க்கும் 2003 இல் வெளியிட்ட ஆய்வு சுமார் 24,000 ஆண்டுக் காலநிலையைக் கூறுகின்றது. பெரும்பணி அது. எனினும் அதன் முதன்மைப் பொருள் தென்மேற்கு மழையே. அதனையும் ஹாலிஎலவுக்கு அப்படியே இரவல் வாங்குதல் ஆகாது.

வேறொரு சாரார் வாதம் இதனினும் வலியது: லயத்தில் வாழ்வோருக்கு வீடு வேண்டும், பழங்கால மழை எதற்கு? 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. ஆபத்துப் பற்றிய எச்சரிக்கை முன்னரே இருந்தது. அங்கு குறைந்தது அறிவன்று, பொறுப்பு. இதனை மறுப்பதற்கில்லை. ஆயின் வீடு கேட்போர், அவ்வீடு எச்சரிவில் எழும் என்றும் கேட்டாக வேண்டுமன்றோ? சரிவைக் கணிப்போர் கையிலுள்ள மழைப் பதிவேடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு அப்பாற் செல்வதில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்து உயிர்களைக் கொண்டுசென்றது. அத்தகைய மழையை ‘வரலாறு காணாதது’ என்று கூறிவிடுவது எளிது. எத்தனை ஆண்டு வரலாறு? ஒன்றரை நூற்றாண்டு! தனியொரு நாளின் பெருமழையைக் குகைப்படிவு கூறாது என்பது மெய்யே. ஆனால் வடகீழ்ப் பருவமழை ஓங்கிய நூற்றாண்டுகள் எவை, ஒடுங்கியவை எவை என்பதை அது கூறக்கூடும். அவ்வளவுகூட இன்று எவர் கையில் உண்டு?

இடர்கள் உள. யுரேனியம் குறைந்த படிவில் வயதுக் கணிப்பு இடறும். இரு கடல்களின் நீராவியும் வந்து கலக்குமிடத்திற் சமதானி விகிதத்தைப் படிப்பதும் இலகுவன்று. இவை தொடங்காமலிருப்பதற்குக் காரணமாகா. சப்பிரகமுவையின் வவுல்பனே போன்ற சுண்ணக்கற் குகைகளுடன் ஒப்பிட்டு, ஊவாவில் ஆய்வுக்குரிய படிவுள்ள குகைகள் எவையெனப் பட்டியலிடுதலே முதல் வேலை. கூரையிலிருந்து சொட்டும் நீரை மாதந்தோறும் திரட்டி, மேலே பெய்யும் மழையோடு ஒப்பிடுதல் அடுத்தது. அதற்கு வேண்டுவன சில போத்தல்களும் ஒரு மழைமானியும், மாதம் ஒருமுறை மலையேறும் மாணவர் இருவருமே. தேயிலை மண்ணின் புளிப்பை நீக்கும் தொலமைற்றுத் தூளுக்காகப் பாறை உடைக்கப்படுமிடத்து, உள்ளே குகை உண்டா எனப் பார்க்க அம்மாணவர் முதலிற் செல்லட்டும். வெடிமருந்து பின்னர் செல்லலாம்.