பிள்ளைகளின் உண்டியல்

எங்கள் பொதட்டூர்பேட்டையில் தறிக் கூலி வாரக் கூலிதான். வாரக் கடைசியில் கை வறண்டதும், கண் பிள்ளைகளின் உண்டியல் மேல் போகும். "அப்புறமா போட்டுடறேன்" என்று எடுத்துவிட்டு மறந்தால், சேர்த்தாலும் நமக்கு நிற்காது என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

பத்து வயது நிறைந்த பிள்ளை, ஆணோ பெண்ணோ, தபால் ஆபீசில் தன் பெயரிலேயே 500 ரூபாய் கட்டி சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். தானே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கலாம். வங்கிகளும் இப்படி அனுமதிக்கலாம் என்று 2025-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பணம் கட்டும் சீட்டைப் பிள்ளையே நிரப்பட்டும். பாஸ்புக்கும் அவர்களிடமே இருக்கட்டும்.

அவசரமென்றால் பிள்ளையிடம் கேட்டு வாங்குங்கள் சகோதரிகளே! கூலி வந்ததும் முதலில் அந்தக் கடனை அடையுங்கள். ஆயிரம் புத்திமதியைவிட அதுதான் மனசில் பதியும்.

- ஒரு வாசகி, பொதட்டூர்பேட்டை.