சாகிற பிள்ளைக்கு எதுக்கு டாக்டர்?

நேற்று ராத்திரி கோரமண்டலிலிருந்து துபாய்க்கு மாமா போன். எம்.பி.பி.எஸ். முடித்த அக்கா பொண்ணு, அடுத்து பாலியேட்டிவ் மருத்துவம் படித்து, தீராத நோயுள்ள குழந்தைகளின் வலியைத் தணிக்கப் போகிறாளாம். "சாகிற பிள்ளைக்கு எதுக்குப்பா டாக்டர்? என்ன வரும்படி?"

வரும்படிக் கணக்கு இந்த பேங்க்காரனுக்கும் தெரியும் மாமா. சுரங்கத் தூசியில் உங்க அப்பாவுக்கு வந்த சிலிகோசிஸை எந்த டாக்டர் குணமாக்கினார்? மூச்சுத்திணறலைத் தணித்தவரைத்தானே கும்பிட்டீங்க?

இது சாவுக்கான வைத்தியமும் இல்லை. குழந்தைக்கு நோய் தெரிந்த அன்றே தொடங்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே சொல்லிவிட்டது. நம்ம நாட்டில் இதற்கான எம்.டி. படிப்பு மும்பை டாடா மெமோரியலில் வந்ததே 2012-ல்தான்!

2001-ல் 'லாபமில்லை'ன்னு சுரங்கத்தை மூடினவங்களைத் திட்டினோமே. இப்போ வலியில் துடிக்கிற பிள்ளையைப் பார்த்து நாமே அதைச் சொல்லலாமா?