அடங்கிய குதிரையும் நம்பிய குதிரையும்



முகூர்த்த நாட்களில் மாலைக் கூட்டம் முடிந்து, போவன்பள்ளியிலிருந்து சுசித்ரா, கொம்பள்ளி வழியாக மேட்சல் சாலையில் வீடு திரும்புகிறவர்கள் இந்தக் காட்சியைப் பலமுறை கண்டிருப்பீர்கள். திருமண மண்டபத்தின் வாசலில் வாகனங்கள் நின்றுவிடும். பேண்டு வாத்தியம் காதைப் பிளக்கும். பட்டாசுச் சரம் வெடிக்கும். அதன் நடுவே ஜரிகைத் துணி போர்த்தி, மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு, ஒரு வெள்ளைக் குதிரை அசையாமல் நிற்கும். "எவ்வளவு சாதுவான பிராணி பார்" என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். பிறகு வழி கிடைத்ததும் போய்விடுவோம்.

அது சாதுவாகத்தான் நிற்கிறதா? குதிரைக்குக் கொம்பு இல்லை, கோரைப்பல்லால் கிழிக்கும் வழக்கமும் இல்லை. ஓட்டமே அதற்கு அளிக்கப்பட்ட முதன்மையான பாதுகாப்பு. புதரில் ஒரு காகிதம் சலசலத்தாலே விலகிப் பாய்கிற சுபாவமுள்ள அந்த ஜீவன், காலடியில் பட்டாசு வெடிக்கும்போதும் ஓடாமல் நிற்கிறதென்றால், பட்டாசைவிடப் பெரிதான ஒன்றுக்கு அது அஞ்சுகிறது என்றே கொள்ள வேண்டும். அந்த ஒன்று பெரும்பாலும் அதன் வாய்க்குள் இருக்கிறது.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் பல் இல்லாத வெற்று ஈறு உண்டு. கடிவாள இரும்பு அங்கேதான் தங்கும். மெல்லிய தோலுக்கு அடியில் உடனே எலும்பு. நல்ல கையில் இருக்கும் மழமழப்பான இரும்பே அங்கே உறுத்தக்கூடியது. நம் நாட்டின் பல நகரங்களில் ஊர்வலக் குதிரைகளுக்கும் வண்டிக் குதிரைகளுக்கும் கூரிய முட்கள் பதித்த கடிவாளத்தைப் போடுகிறார்கள். கயிற்றைச் சற்று இழுத்தாலே முட்கள் நாக்கையும் உதட்டையும் கிழிக்கும். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டிலேயே வந்தது. அதன் கீழ் 1965இல் இழுவை, சுமை விலங்குகளுக்காக வகுக்கப்பட்ட விதிகளில் 8ஆவது விதி முள் கடிவாளத்தை வெளிப்படையாகத் தடை செய்கிறது. அறுபது வருடம் ஆகியும் அந்த இரும்பு புழக்கத்தில் இருக்கிறது.

இதை எழுதும் என் கையும் சுத்தமானதல்ல. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர் ரயிலடியில் ஜட்கா வண்டிகள் நிற்கும். வண்டிக்காரரின் பக்கத்தில் உட்காரவும், சில வேளை சவுக்கைப் பிடிக்கவும் எனக்கு அனுமதி கிடைக்கும். மேட்டில் ஏற மறுத்து நின்ற குதிரையை நான் அடித்தேன், வண்டி நகர்ந்தது, எனக்குப் பெருமையாயிருந்தது. பின்னாளில் வேதாகமக் கல்லூரியில் எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தைப் படிக்கையில்தான் அந்த மேடு நினைவுக்கு வந்தது. பிலேயாமின் கழுதை வழிவிலகியது பிடிவாதத்தினால் அல்ல. அவன் காணாததை அது கண்டது. குதிரையும் அப்படியே. சேணம் அழுத்திய முதுகுப் புண், கூர்மையாகிவிட்ட கடைவாய்ப் பல், லாடம் தவறாக அடிக்கப்பட்ட குளம்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று வலிக்கிறபடியால்தான் அநேக குதிரைகள் மறுக்கின்றன. கழுதை மூன்று தரம் அடிபட்டபின் பேசிற்று. எங்கள் ஊர்க் குதிரை கடைசிவரை பேசவில்லை.

இப்படிப்பட்ட கையிலிருந்து மீட்கப்பட்ட குதிரை ஒன்று உங்கள் பொறுப்பில் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். நடக்காத காரியம் என்று எண்ணாதீர்கள். நம் சபைகளில் மலக்பேட்டைப் பந்தய மைதானத்து லாயங்களில் வேலை செய்கிற குடும்பங்கள் உண்டு. புறநகரில் பண்ணை நிலம் வைத்திருக்கிற சகோதரர்களும் உண்டு. உழைக்க முடியாமற்போன குதிரை சாலையோரத்தில் அவிழ்த்து விடப்படுவதும் புதிதல்ல. நீலகிரியில் மசினகுடிக்கு அருகே மாவனல்லாவில் இருக்கும் விலங்குக் காப்பகத்துக்கு ஊட்டியிலிருந்து கொண்டுவரப்பட்ட மட்டக்குதிரைகள் அப்படிப்பட்டவையே. சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து, பிறகு குப்பைத்தொட்டியில் மேய்ந்தவை.

முதல் நாளில் நாம் செய்யும் தவறு, இரக்கத்தின் மிகுதியால் செய்யும் தவறு. எலும்பும் தோலுமாக நிற்கிற குதிரையைக் கண்டதும் கொள்ளும் தவிடும் வாளி நிறைய வைத்துவிடுகிறோம். அது அதைக் கொன்றுவிடக்கூடும். நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் மாவுச்சத்து திடீரென்று சேரும்போது இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய உப்புகள் தாழ்ந்துபோகின்றன. மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் இருதயமும் சுவாசமும் செயலிழக்கலாம். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் பட்டினிக் குதிரைகளை வைத்து ஆராய்ந்து, தானியம் வேண்டாம், குதிரை மசாலைச் சிறிது சிறிதாக, நாளொன்றுக்குப் பலமுறை கொடுங்கள் என்று கண்டு சொன்னார்கள். நம் முன்னோர் அந்தத் தீவனத்துக்குக் குதிரையின் பெயரையே வைத்தது வீண்போகவில்லை. கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை மற்றக் குதிரைகளிடமிருந்து தனியே கட்டுங்கள். கிளாண்டர்ஸ் என்னும் நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும்; அதற்குத் தடுப்பூசி இல்லை. ரண ஜன்னி ஊசியையும் கேட்டுப் போட்டுவிடுங்கள். குதிரைக்கு அந்த நோய் எளிதில் வரும்.

இனி மனதின் காரியம். இதற்கு மருத்துவரிடத்தில் ஊசி இல்லை.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடமும் வாலுக்கு நேர் பின்னேயும்தான் தெரியாது. நாமோ அன்போடு நேரே போய் நெற்றியைத் தடவக் கையை உயர்த்துகிறோம். அடிபட்ட குதிரைக்கு உயர்ந்த கை அடிக்கப்போகிற கைதான். அது காணாத இடத்திலிருந்து வருகிற கையானால் பயம் இன்னும் அதிகம். துடைப்பம், குடை, சுருட்டிய கயிறு இவற்றைக் கண்டும் நடுங்கும். ஆகவே முதல் நாட்களில் தொடவே வேண்டாம். தோளுக்குப் பக்கமாக, சற்றுத் தூரத்தில், அது பார்க்கும்படியாக ஒரு முக்காலியைப் போட்டு உட்காருங்கள். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்க்க வேண்டாம். தாழ்ந்த குரலில் எதையாவது பேசுங்கள் அல்லது வாசியுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வாருங்கள். அடைப்பு போதிய அகலமாயிருக்கட்டும். அது விலகிப்போக விரும்பினால் போகட்டும். பின்தொடராதீர்கள்.

இந்தக் கடைசி வார்த்தைதான் கடினமானது. விலகிப்போக வழியில்லாத குதிரை நம் அருகில் நிற்பதில் ஒரு செய்தியும் இல்லை. வழியிருந்தும் ஒருநாள் அது தானே இரண்டு அடி எடுத்து வைத்து வந்தால், அதுதான் செய்தி. அந்த நாள் ஒரு வாரத்தில் வரலாம். ஆறு மாதத்திலும் வரலாம். வந்தபின்பும் முகத்தைத் தொடாதீர்கள். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரல்களால் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறியும்போது இருதயத் துடிப்பு தணிகிறதென்று பிரான்சு தேசத்தில் அளந்து பார்த்து 1993இல் வெளியிட்டார்கள். சில நொடிகள் சொறிந்ததும், அது விலகுமுன்னே நீங்கள் கையை எடுத்துவிடுங்கள். தலை தாழ்வதும், கீழுதடு தளர்வதும், நீண்ட பெருமூச்சு வருவதும் நல்ல அடையாளங்கள். காதுகள் பின்னுக்கு மடிந்து ஒட்டிக்கொண்டாலோ, கண்ணின் வெள்ளை தெரிந்தாலோ அன்றைக்குப் போதும் என்று எழுந்துவிடுங்கள். மனம் கலங்கியிருக்கிற நாளில் அங்கே போகவே வேண்டாம். கிரேக்க எழுத்தாளர் செனோபோன், கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டிலேயே, குதிரையிடம் கோபத்தோடு நெருங்கலாகாது என்று எழுதி வைத்தார்.

குதிரைக்கு அவ்வளவு தெரியுமா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கோபமான மனித முகத்தின் படத்தைக் கண்ட குதிரைகளுக்கு இருதயத் துடிப்பு விரைந்தது. 2018இல் வந்த மற்றொரு ஆய்வு இன்னும் வியப்பானது. காலையில் ஒருவருடைய கோபமான முகத்தைப் படத்தில் கண்ட குதிரை, சில மணி நேரத்துக்குப் பின் அதே ஆள் சாதாரண முகத்தோடு நேரில் வந்தபோதும் எச்சரிக்கையாகவே பார்த்தது. ஒரு படத்தை நினைவில் வைக்கிற ஜீவன், வருடக்கணக்கான சவுக்கை மறந்திருக்கும் என்று நாம் எதிர்பார்க்கலாமா?

விரைவாக அடக்கியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ராரே என்பவர் 1858இல் இலண்டனுக்கு வந்தார். அப்போது இங்கிலாந்தில் குரூசர் என்றொரு குதிரை இருந்தது. ஆட்களைக் கடித்துக் குதறும் என்று அதன் வாயில் கனமான இரும்புக் கூடு பூட்டி அடைத்து வைத்திருந்தார்கள். ராரே சவுக்கை எடுக்கவில்லை. முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரினால் கட்டி, பிறகு மெல்லப் படுக்கவைத்து, உடலெங்கும் தடவிக் கொடுத்தார். சில மணி நேரத்தில் குரூசர் அவர் சொற்படி நடந்தது. விக்டோரியா மகாராணி முன்பாகவும் அவர் தம் வித்தையைக் காட்டினார். அடியே மருந்து என்றிருந்த காலத்தில் அது பெரிய மாறுதல் என்பதை மறுக்கமாட்டேன். ஆனாலும் கால் கட்டப்பட்டு, ஓட வழியற்று, களைத்துக் கீழே விழுந்த குதிரை எதிர்ப்பை விட்டுவிட்டது என்றுதான் சொல்லலாம். நம்பிவிட்டது என்று அந்த மணி நேரத்தில் சொல்ல இயலாது. ராரே அதைத் தம்மோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், தம் பண்ணையிலேயே வைத்துப் பராமரித்தார். நம்பிக்கை வந்ததென்றால் அந்த வருடங்களில்தான் வந்திருக்கும். அவர் 1866இல் மரித்தார். குதிரை அவருக்குப் பின்னும் பல வருடம் உயிரோடிருந்தது. புதிய கைகளில் அதன் பழைய மூர்க்கம் திரும்பிவந்தது என்று சொல்லுகிறார்கள்.

ஆகையால் ஒரே ஆளிடம் மட்டும் பழக்காதீர்கள். உங்களிடம் வரத் தொடங்கியபின், வீட்டில் இன்னும் இருவர் அதே முக்காலியில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கட்டும். பிள்ளைகளைப் பெரியவர் துணையின்றி விடவேண்டாம்.

குதிரை வளர்க்க நம்மில் பலருக்கு இடமில்லை, உண்மை. ஆனால் கல்யாணம் எல்லாருடைய வீட்டிலும் நடக்கிறது. ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், பூ அலங்கரித்த கார் போதும் என்று சொல்ல நமக்குத் தைரியம் வேண்டும். சம்பந்தி வீட்டார் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்களானால், குதிரைக்காரரிடம் மரியாதையாக, "அண்ணா, கடிவாளத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அவரும் நம்மைப்போல் பிழைப்புக்காக நகரத்துக்கு வந்தவராயிருக்கலாம். அவரைப் பலர் முன்பாக அவமானப்படுத்துவதால் குதிரைக்கு ஒரு லாபமும் இல்லை. முள் இருந்தால் மழமழப்பான கடிவாளம் வாங்கிக் கொடுக்க முன்வாருங்கள், பட்டாசை நிறுத்திவிடுங்கள். காயப்பட்டுக் கைவிடப்பட்ட குதிரையைக் கண்டால் 1992 முதல் நம் நகரத்தில் செயல்படும் ஐதராபாத் புளூ கிராஸுக்கோ, நாராயணகூடாவிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கோ தெரிவிக்கலாம்.

நம் நகரத்துக் குதிரைகள் கடல் கடந்தும் போயிருக்கின்றன. முதல் உலகப் போரில் நிஜாமின் ஐதராபாத் லான்சர் படை எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் போரிட்டது. அந்தப் போர் முடிந்தபோது பிரிட்டிஷ் சேனை ஆயிரக்கணக்கான குதிரைகளைத் திருப்பிக்கொண்டுபோக மனமின்றி எகிப்திலேயே விற்றுவிட்டது. 1930இல் படைத்தளபதியான தன் கணவரோடு கெய்ரோவுக்கு வந்த டோரதி புரூக் என்னும் பெண்மணி, பன்னிரண்டு வருடமாகக் கல்லும் மண்ணும் இழுத்துக் குருடாகவும் முடமாகவும் ஆகிப்போன அந்தக் குதிரைகளைத் தெருவிலே கண்டார். 1931இல் இலண்டன் செய்தித்தாள் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். பணம் வந்து குவிந்தது. ஏறத்தாழ 5,000 குதிரைகளை விலைகொடுத்து வாங்கினார். 1934இல் கெய்ரோவில் ஒரு மருத்துவமனையையும் நிறுவினார். அதிலிருந்து வளர்ந்த புரூக் நிறுவனம் இன்று நம் நாட்டிலும் வேலை செய்கிறது.

வாங்கியவற்றில் பெரும்பாலானவை குணமாகும் நிலையைக் கடந்திருந்தன. சில நாட்கள் இளைப்பாறுதலும் நல்ல தீனியும் கொடுத்து, பிறகு வேதனையின்றி அவற்றின் ஜீவனை முடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒருவரும் ஏறப்போவதில்லை, ஒரு வண்டியையும் அவை இழுக்கப்போவதில்லை. ஆயினும் லாயத்தில் தடிப்பாக வைக்கோல் பரப்பச் சொன்னார். வருடக்கணக்காகக் கட்டாந்தரையைத் தவிர வேறொன்றும் அறியாத குதிரைகள் அந்தப் படுக்கையில் காலெடுத்து வைக்கத் தயங்கியதை அவர் எழுதியிருக்கிறார். ஓர் அடி வைக்கும், நிற்கும், தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்கும், மறுபடி ஓர் அடி வைக்கும்.